கையேட்டில் இருக்கும் கேமரா கல்லூரியில் இருக்கிறதா என்று பாருங்கள்

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில், 2019 ஜூனில் என் தம்பியை பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் (சுருக்கமாக விஸ்காம்; காட்சி ஊடகப் படிப்பு) படிப்பில் சேர்த்தோம். அந்தக் கல்லூரி இந்த ஆண்டும் அதே படங்களை அச்சடித்த கையேட்டோடு பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கையேட்டின் அட்டையில் பெரிய சினிமா கேமரா, அதைச் சுற்றி மாணவர்கள். உள்ளே ஒலிப்பதிவுக் கூடம், படத்தொகுப்புக் கூடம், வருகைப் பேராசிரியர்களாகத் திரைத்துறையினர் சிலரின் பெயர்கள். சேர்க்கைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த முகவர் இன்னொன்றும் சொன்னார்: விஸ்காம் பட்டம் இருந்தால்தான் பிறகு புனே திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியுமாம். இது முழுப் பொய். புனேயிலும் கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்திலும் திரைப்படப் பிரிவின் பெரும்பாலான படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம், வணிகவியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

வகுப்பு தொடங்கியதும் உண்மை தெரிந்தது. துறையில் இருந்தது ஒரே ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா. அதுவும் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அட்டையில் வந்த கேமரா, படம் எடுப்பதற்காக வடபழனியிலிருந்து ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்தது என்று ஆய்வக உதவியாளரே சொன்னார். ஒலிப்பதிவுக் கூடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று விளக்குகளை எங்கே வைப்பது என்ற பாடத்தைக் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு முடித்தார்கள். இறுதியாண்டுக் குறும்படத்துக்குக் கேமரா, விளக்கு, மைக் எல்லாம் மாணவர்களே கைக்காசு போட்டு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். இவ்வளவுக்கும் ஆண்டுதோறும் ஆய்வகக் கட்டணம் தனி.

கருவி இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாடம் நடத்திய விதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கலைக் கல்லூரியில் சினிமா படிப்பதன் அருமையே, இலக்கியமும் வரலாறும் சமூகவியலும் பக்கத்து வகுப்புகளில் இருக்க, அவற்றோடு சேர்த்துப் படத்தைப் பார்க்கக் கற்பதுதான். தம்பி அதற்காகத்தான் பொறியியல் வேண்டாம் என்று வீட்டில் போராடினான். அங்கே உலக சினிமா வகுப்பில் ஒரு படம்கூடத் திரையிடவில்லை. குலஷோவ் விளைவை 'இரண்டு மதிப்பெண் கேள்வி' என்று குறிப்பெழுத வைத்தார்கள். அந்த விளைவு இதுதான்: ஒரே முகத்தின் காட்சியைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாறி மாறி ஒட்டினால், பார்ப்பவருக்கு அந்த முகத்தில் பசியும் துயரமும் தெரியும். கைபேசி ஒன்று இருந்தால் ஒரே வகுப்பில் மாணவர்களே இதைச் செய்து பார்த்திருக்கலாம். யாருக்கும் அந்த அக்கறை இல்லை. வருகைப் பேராசிரியர்களின் பெயர்களில் ஒன்றுகூடக் கால அட்டவணையில் இல்லை.

தம்பி விலக விரும்பினான். அலுவலகத்தில், மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் தருவோம் என்றார்கள். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். எத்தனை குடும்பங்கள் இந்த மிரட்டலுக்குப் பயந்து பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்குமோ!

நீங்கள் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது. நடப்புப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தைத்தான் வாங்கலாம். முறைப்படி அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது கொடுத்தால் 90 சதவீதம், தேதி கடந்து 15 நாளுக்குள் என்றால் 80, முப்பது நாளுக்குள் என்றால் 50. அதற்கும் பிறகு ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் குழு அறிவித்திருக்கிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இந்த அறிவிக்கையைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கினோம். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பே இல்லை. சான்றிதழ்கள் வந்தன. ரசீது இருந்த கட்டணத்தில் 80 சதவீதமும் இழுத்தடித்து வந்தது. பயிலரங்குக்கென்று ரசீது தராமல் ரொக்கமாக வாங்கிய தொகை மட்டும் வரவே இல்லை. ஆகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சேரும் முன் ஒரு வேலைநாளில், வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். சேர்க்கை விழா நாளில் எல்லாக் கல்லூரியும் பளபளக்கும். இறுதியாண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, அவர் எடுத்த குறும்படத்தைக் காட்டச் சொல்லி, யாருடைய கேமரா என்று கேளுங்கள். பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் எடுத்து, அதில் உள்ள செய்முறைத் தாள்களுக்கு வேண்டிய கருவிகள் அங்கே இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற தொழில்நுட்பம்தான் முதன்மை என்றால் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியின் விண்ணப்ப அறிவிப்பையும் கவனியுங்கள். தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு.

ஏற்கெனவே இப்படி ஓர் இடத்தில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள், முதலில் அந்தக் கல்லூரியின் சேர்க்கைக் கடைசித் தேதி எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்ற கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.