ஸ்பெக்ட்ரா எஸ்1 பால் பம்ப்: வேலைக்குத் திரும்பும் தாய்க்குச் சரிவருமா?

பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிடலாம் என்பதால், பலருக்கு வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு, அஞ்சு மாதம்தான் ஆகியிருக்கும். தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கத் தொடங்காத வயது. காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வீடு வந்தால் பத்து மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 30 மில்லி என்று கணக்குப் போட்டால் வீட்டில் 300 மில்லி பால் இருக்க வேண்டும். ஃப்ரீசரை நிரப்பி வைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம், மறுநாளைக்கு உள்ளது கையில் இருந்தால் போதும்.

தென்கொரியத் தயாரிப்பான ஸ்பெக்ட்ரா எஸ்1 இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுப்பதால் ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். பத்து மணி நேரத்தில் மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும். இளஞ்சிவப்பு நிற எஸ்2-வும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதில் பேட்டரி கிடையாது. அலுவலகத்தில் ஒதுக்கித் தரும் அறையில் பிளக் பாயிண்ட் இருக்கும் என்ற உறுதி இருந்தால் எஸ்2 வாங்கிக் காசை மிச்சம் பிடிக்கலாம். குறை என்றால் எடைதான். மெஷின் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போகிறவர்களின் தோள் அதைச் சொல்லும்.

பால் சரியாக வரவில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மோட்டார் அல்ல, மார்பில் பொருத்தும் புனல். பெட்டியோடு பெரும்பாலும் 24, 28 மில்லிமீட்டர் அளவுகள்தான் வருகின்றன. பலருக்கு இவை பெரிது. காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை ஸ்கேலில் அளந்து, அதைவிட 1 முதல் 3 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ள புனலைத் தேர்ந்தெடுங்கள். பெரிதாக இருந்தால் காம்போடு சுற்றியுள்ள தோலும் உள்ளே இழுபட்டு வீங்கும். சிறிதாக இருந்தால் காம்பு சுவரில் உரசிப் புண்ணாகும்.

பட்டன்களையும் பழகிக்கொள்ள வேண்டும். முதலில் மசாஜ் நிலை: நிமிடத்துக்கு 70 இழுப்பு, மென்மையாக. ஓரிரு நிமிடத்தில் பால் பீய்ச்சத் தொடங்கியதும் அலை போட்ட பட்டனை அழுத்தி அடுத்த நிலைக்கு மாறுங்கள். அங்கே வேகம் 54-லிருந்து 38 வரை இறங்கும், இழுவிசை 12 வரை ஏறும். 12-ல் வைத்தால் அதிகம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். வலித்தால் பால் இறங்குவது தடைபடும். உறுத்தாத அளவே உங்கள் அளவு. ஓட்டம் குறைந்ததும் மறுபடி மசாஜ் நிலைக்குப் போனால் பெரும்பாலும் இன்னொரு முறை இறங்கும்.

இழுவை திடீரென்று குறைந்தால் மெஷினைச் சர்வீசுக்கு அனுப்பும் முன் வாத்து மூக்குப் போன்ற சிலிகோன் வால்வைப் பாருங்கள். நுனியில் உள்ள கீறல் இறுக மூடவில்லை என்றால் அதுதான் கோளாறு. பிரஷ் விட்டுத் தேய்ப்பதால்தான் அது சீக்கிரம் கிழிகிறது, விரலால் கழுவினாலே போதும். தினமும் மூன்று தடவை எடுப்பவர் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். டியூபை மட்டும் கழுவவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம். ஈரம் தெரிந்தால் பால் எடுத்து முடித்ததும் வெறும் மெஷினைச் சில நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும். பால் படும் பாகங்களை சிங்க்கில் போடாமல், அதற்கென வைத்த தனிப் பேசினில் கழுவுங்கள். இரண்டு செட் இருந்தால் அலுவலகத்தில் ஒரே ஒரு தடவை கழுவினால் போதும்.

கறந்த பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைதான். நம் ஊர் மே மாதத்துக்கு அது பொருந்தாது. எடுத்த கையோடு ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டு வேண்டாம். இல்லையென்றால் உறைந்த ஐஸ் பேக்குடன் கூடிய பை: 24 மணி நேரம் வரை தாங்கும். ஃப்ரிட்ஜில் நாலு நாள்.

எந்த மெஷினாலும் தர முடியாதது இடமும் நேரமும். கழிப்பறையில் உட்கார்ந்து எடுக்க வைப்பது குழந்தையின் சாப்பாட்டை அங்கே தயாரிக்கச் சொல்வதற்குச் சமம். சட்டப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் அங்கே நாளுக்கு நாலு முறை போய்வரலாம். பம்ப் வாங்கும் முன் இதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் பாட்டி பாலாடையில் புகட்டுவதாக இருந்தால் மிகவும் நல்லது, கழுவ எளிது. பால் மேலே ஆடையாகப் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் போதும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் 60 மில்லி அளவில் தனித்தனியாக வைத்துவிட்டுக் கிளம்புங்கள். 150 மில்லியை ஒரே பாட்டிலில் வைத்தால், குழந்தை பாதியில் தூங்கிப்போகும் நாளில் மீதியைக் கொட்டத்தான் வேண்டியிருக்கும்.