பேட்டரியை மாற்றச் சொன்ன எச்சரிக்கையும் ஒரு பயாஸ் அப்டேட்டும்

மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரே லேப்டாப்தான் எனக்கு. கீபோர்டு, திரை, வேகம் எதிலும் குறை சொல்ல முடியாது. தொல்லை கொடுத்தது பேட்டரிதான். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'பேட்டரியில் கோளாறு' என்று ஓர் எச்சரிக்கை. என்டர் தட்டினால்தான் விண்டோஸ் வரும். அப்புறம், முப்பது சதவீதம் மிச்சம் காட்டும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். சர்வீஸ் சென்டரில் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்று விலையைச் சொன்னார்கள். லேப்டாப்புக்கு மூன்று ஆண்டு வாரண்டி வாங்கினாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். ஆக, செலவு நம் தலையில்.

பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து (powercfg /batteryreport) ஓட்டினால் ஓர் அறிக்கை கிடைக்கும். பிரவுசரில் திறந்து படிக்கலாம். டிசைன் கெப்பாசிட்டி என்பது புதிதில் எவ்வளவு கொள்ளும் என்பது; ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது எவ்வளவு கொள்கிறது என்பது. என்னுடையதில் முதல் எண் 50,000 மில்லிவாட் அவர், இரண்டாவது 40,000க்குச் சற்று மேல். இத்தனை நாள் உழைத்த லித்தியம் அயான் பேட்டரிக்கு இது நல்ல நிலைமை. இதைத் தூக்கிப் போடச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எச்சரிக்கை என்றாலே பொய் என்று சொல்லவில்லை. விண்டோஸ் 7 வந்த புதிதில், பேட்டரியை மாற்றச் சொல்லி வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, விண்டோஸ்தான் பேட்டரியைக் கெடுக்கிறது என்று பலர் கொதித்தார்கள். 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டில் அப்போது விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி பதில் சொன்னார்: கொள்ளளவு முதலில் இருந்ததில் 40 சதவீதத்துக்கும் கீழே போனால்தான் அந்த அறிவிப்பு வரும், அது சரியாகத்தான் சொல்கிறது என்று. அந்த அளவுகோலை வைத்தால் என் பேட்டரி எச்சரிக்கையின் பக்கத்தில்கூட வராது.

பின்னே ஏன் இந்த அலாரம்? நாம் பார்க்கும் சதவீதம் நேரடியாக அளந்த எண் அல்ல. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு சிறு சிப், உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் கூட்டிக் கழித்துப் போடும் மதிப்பீடு அது. எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் அந்தக் கணக்கு மெல்ல மெல்ல விலகிவிடும். அந்தச் சிப் சொல்வதை மதர்போர்டில் உள்ள எம்பெடெட் கன்ட்ரோலர் என்ற இன்னொரு சிறு சிப் படிக்கிறது. அதற்கான ஃபர்ம்வேர், அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், பல மாடல்களில் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டோடு சேர்ந்தே வரும். என் மாடலுக்கு வந்திருந்த புதிய பயாஸின் மாற்றக் குறிப்பில், பேட்டரி எச்சரிக்கை பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததுதான் கோபம். இப்படிப்பட்ட திருத்தத்தைச் சர்வீஸ் சென்டரே முதலில் சொல்ல வேண்டாமா?

சிக்கல் என்னவென்றால், பயாஸ் அப்டேட்டுக்குச் சார்ஜரும் வேண்டும், பேட்டரியில் ஓரளவு சார்ஜும் வேண்டும். பாதியில் கரண்ட் போனால் காப்பாற்றுவது பேட்டரிதான். இங்கே அந்தப் பேட்டரியே நம்ப முடியாதது. எழுதும் நடுவில் அணைந்தால் லேப்டாப் ஆன் ஆகாமலே போகலாம். அதனால் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை இல்லாத நாளாகப் பார்த்து, இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கில் சார்ஜரைச் செருகி, பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு ஆரம்பித்தேன். இன்னொன்று மிக முக்கியம்: டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால் அதை முதலில் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கக்கூடும். அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்டேட் முடிந்ததும் கறுப்புத் திரை எச்சரிக்கை போயே போய்விட்டது. திடீரென்று அணைவது மட்டும் தொடர்ந்தது. சரி, கணக்கை நேராக்குவோம் என்று முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, மறுபடி இடைவெளி இல்லாமல் நிரப்பினேன். அதன் பிறகு பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை தாராளமாக ஓடுகிறது. இதை அடிக்கடி செய்யாதீர்கள். முழுதாக வடிப்பதும் பேட்டரிக்குத் தேய்மானம்தான்.

இப்போது பயாஸிலேயே, சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றுவிடும்படி வரம்பு வைத்திருக்கிறேன். செல் 4.2 வோல்ட்டில் நிரம்பியபடி, அதுவும் நம் ஊர் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். ரயில் பயணம் என்றால் மட்டும் முந்தின நாள் இரவு வரம்பை எடுத்துவிடுவேன். பல மாதங்களாக ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி பெரிதாக இறங்கவில்லை. அது பாதியைத் தொடும்போது மாற்றுவதாக இருக்கிறேன்.

பேட்டரி வீங்கி, டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பாகம் உப்பினாலோ இதெல்லாம் பொருந்தாது. அது அப்டேட்டில் தீரும் விஷயமே இல்லை. உடனே அணைத்து, சார்ஜரை உருவிவிட்டு, பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.