நார்டியா, மோமோவா? வாங்கும்முன் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அலமாரியிலிருந்து ஒரு மோமோ ஸ்டீயரிங்கை எடுத்து என் கையில் வைத்தார் அங்கிள். "தம்பி, இது தாம்சன் ரோடு ரேஸ்ல ஓடின வண்டியோடது." தோல் தேய்ந்து, தையல் கறுத்து, பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. திருப்பினேன். வளையத்தை நடுப்பகுதியோடு இணைக்கும் ஸ்போக்கின் முதுகில் 5-87 என்று அச்சு, அதாவது 1987 மே. அப்பர் தாம்சன் சாலையில் பந்தயம் 1961இல் தொடங்கி 1973உடன் நின்றுபோனது.

பழைய ரேஸ் ஸ்டீயரிங் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டு இத்தாலியப் பெயர்களில்தான். மரம் என்றால் நார்டி, தோல் என்றால் மோமோ. முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் மோமோ என்பேன். அழகில் நார்டிதான் மேல், அதில் சண்டையில்லை. ஆனால் புதிதாக வருகிறவரை நார்டி சுலபமாக ஏமாற்றிவிடும்.

என்ரிகோ நார்டி வெறும் பட்டறைக்காரர் அல்ல. என்ஸோ ஃபெராரி தன் பெயரில் கார் விற்பதற்கு முன்பே, 1940 மில்லே மில்லியா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயத்தில் இறக்கிய 815 காரில் இணை ஓட்டுநராகப் போனவர். 1950களிலும் 60களிலும் வந்த ஃபெராரிகளில் அவருடைய மர வளையத்தைப் பார்க்கலாம். அந்தப் பெருமையே சிக்கலும்கூட. ஸ்போக்கில் பொறித்த அவர் கையெழுத்தைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அவர் 1966இல் இறந்துவிட்டார். கையெழுத்தோ அதற்குப் பிறகும் பொறிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கே கரௌசெல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் வரும் மர நார்டிகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது ஜப்பான். 1990இல் மாஸ்டா, ரோட்ஸ்டர் காரின் வி-ஸ்பெஷல் ரகத்தில் நார்டி மர ஸ்டீயரிங்கைத் தொழிற்சாலையிலேயே மாட்டி விற்றது. நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு 'ரேஸ்' விலை கொடுக்க வேண்டாம்.

மோமோவின் கதை இளையது. கியான்பியரோ மொரெட்டி தன் காருக்காகச் செய்துகொண்ட, பிடி தடித்த ஸ்டீயரிங் பந்தய ஓட்டுநர் ஜான் சர்டீஸுக்குப் பிடித்துப்போய், 1964இல் அவர் உலகச் சாம்பியனான ஃபெராரியில் ஏறியது. மொரெட்டியும் சும்மா இருக்கவில்லை, 1998இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றார். சேகரிப்பவருக்கு இதைவிட முக்கியம், மோமோ பேசும். 1970களுக்குப் பிந்தைய பலவற்றின் முதுகில் மாதமும் வருடமும், கேபிஏ என்ற ஜெர்மன் அனுமதி எண்ணும் இருக்கும். டி35 என்று கண்டால் விட்டம் 350 மி.மீ. விற்பவர் சொல்லும் கதையை அந்த இடத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

அப்புறம், ஸ்டீயரிங்கைக் காரில் பொருத்தும் போல்ட் துளைகள். பையில் ஒரு வெர்னியர் அளவுகோல் போட்டுக்கொண்டு போங்கள். எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் மோமோவில் 70 மி.மீ., பிந்தைய நார்டியிலும், பெர்சனல் என்ற இன்னொரு ஸ்டீயரிங் பிராண்டிலும் பொதுவாக 74. நான் வாங்கிய முதல் 'நார்டி'யில் 70 இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அளந்தேன். அந்தப் பணம் போனதுதான்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டுமே பாடுபடும். தோலில் பூஞ்சணம் பூக்கும். துடைத்து, காற்றாட வைத்தால் போகும். மரத்தில் வார்னிஷ் வெடித்து வெளுத்தால் பாலிஷ் செய்பவரைத் தேட வேண்டும், அவர் கைபட்டதும் பழமையில் பாதி போய்விடும். தோலை மாற்றித் தைத்தாலும் மதிப்பு குறையும், ஆனால் அது மரம் அளவுக்கு உறுத்தாது. எதுவானாலும் மாலை வெயில் அடிக்கிற சுவரில் மாட்டாதீர்கள். கேமராவுக்கு டிரை கேபினெட் (ஈரம் ஏறாத அலமாரி) வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மினி, எம்ஜி போன்ற பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவருக்கு மோட்டோ-லிட்டா என்ற பிரிட்டிஷ் ஸ்டீயரிங் இருக்கிறது, அவர் இந்த இரண்டையும் திரும்பிப் பார்க்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9% ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் உள்ள காரில் மாட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, காக்கி புக்கிட் மோமோவுக்கு வருவோம். தேதியைக் காட்டினேன். அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்போ பழைய சாமான் விலை போடுறேன்" என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 87ஆம் வருட மோமோவாகவே ஹாலில் தொங்குகிறது.