திரும்பி வரும் மின்னஞ்சலும் ‘தடை நீக்கும்’ கட்டணமும்: ஓர் எச்சரிக்கை

அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேராமல் திரும்பி வருகிறதே என்று தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ‘தடைப்பட்டியலிலிருந்து உங்களை நீக்கித் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள்’ என்று யார் சொன்னாலும் உடனே கட்டிவிடாதீர்கள். தடைப்பட்டியல் என்பது ஸ்பாம், அதாவது வேண்டாத அஞ்சல், அனுப்பும் முகவரிகளின் பட்டியல்; அதில் ஏறிய முகவரியிலிருந்து வரும் அஞ்சலைப் பிற சர்வர்கள் ஏற்க மறுக்கும். என்னிடம் அப்படித்தான் பணம் வாங்கினார்கள். வாங்கியது முன்பின் தெரியாத யாரோ அல்ல. என் டொமைன் என்ற இணையப் பெயரையும் அஞ்சல் பெட்டிகளையும் தன் சர்வரில் வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனமேதான்.

பிறர் எழுதும் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். வரைவு போவதும் திருத்தம் வருவதும் விலைப்பட்டியல் அனுப்புவதும் மின்னஞ்சலில்தான். அஞ்சல்கள் திரும்பத் தொடங்கியதும் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ‘உங்கள் அஞ்சலின் வாசகம் ஸ்பாம் போல இருக்கிறது. இணைப்புகளைக் குறையுங்கள், தலைப்பை மாற்றுங்கள்’ என்றார்கள். செய்தேன். ‘நலமா?’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினாலும் திரும்பி வந்தது. அதைச் சொன்னபோது, ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கலாம்’ என்றார்கள். கடைசியில், பட்டியலிலிருந்து நீக்குவதற்கும் ‘உயர்தர அஞ்சல் சேவை’க்கும் சேர்த்து ஒரு கட்டணத்தைச் சொன்னார்கள். வேலை நின்றுபோயிருந்த நேரம். கட்ட வேண்டியிருந்தது.

உண்மைக் காரணம் முதல் நாளே திரும்பி வந்த அஞ்சலுக்குள் எழுதியிருந்தது. ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் வரும் அந்தக் கடிதத்தைப் பலரும் பார்த்தவுடன் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். உள்ளே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. 421, 450 போன்றவை இந்த வகை. எதிர்முனை சர்வர் ‘பிறகு முயற்சி செய்’ என்கிறது, உங்கள் சர்வர் தானாகவே மறுபடி அனுப்பிப் பார்க்கும். முன்பு தொடர்பில்லாத அனுப்புநரை வேண்டுமென்றே ஒருமுறை திருப்பியனுப்பிப் பார்க்கும் ஸ்பாம் வடிகட்டிகளும் உண்டு. எண் 5-இல் தொடங்கினால் மறுப்பு முடிவானது. எனக்கு வந்தது 550, அதன் பக்கத்தில் 5.7.1. பின்னால் உள்ள இந்த 5.7 என்ற பகுதி, பாதுகாப்பு அல்லது கொள்கை காரணமாக மறுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. முகவரி தவறாக இருந்தால் பெரும்பாலும் 5.1.1 வரும். பெட்டி நிரம்பியிருந்தால் 5.2.2.

எண்ணுக்கு அடுத்த வரியில் ஓர் ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்), அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற விவரம், சரிபார்க்க ஓர் இணைப்பு என எல்லாம் இருந்தன. அந்த முகவரி என் வீட்டு இணைப்பினுடையது அல்ல, நிறுவனத்தின் சர்வருடையது. ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் ஏராளமான டொமைன்களைக் குடிவைப்பதுதான் மலிவான ஹோஸ்டிங் முறை. அதில் யாருடைய இணையதளமோ ஊடுருவப்பட்டு அங்கிருந்து ஸ்பாம் கொட்டினால், பட்டியலில் ஏறுவது அந்த ஐபி. அதன் பலனை அங்குள்ள அத்தனை பேரும் அனுபவிக்க வேண்டும். என் வாசகத்திலும் குற்றமில்லை, என் கணினியிலும் குற்றமில்லை. இது நிறுவனத்துக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது; நான் முதல் கடிதத்திலேயே அந்த மறுப்புச் செய்தியை அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தேன்.

பட்டியலிலிருந்து நீக்குவதற்குக் கட்டணம் என்றார்களே, அதையும் பாருங்கள். 1998-இல் தொடங்கப்பட்டு இன்று மிகப் பரவலாகப் பயன்படும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை நீக்கப் பணம் எதுவும் வாங்குவதில்லை. சர்வரை நடத்துபவர் ஓட்டையை அடைத்துவிட்டுக் கோரிக்கை வைத்தால் போதும். அடைக்காமல் கோரினால் மறுபடி ஏறிவிடும். என் விஷயத்தில் அதுதான் நடந்தது. பணம் கட்டிய பிறகு கொஞ்ச காலம் அஞ்சல்கள் போயின, பிறகு அதே 550.

இன்னொரு பயமுறுத்தலும் உண்டு. உங்கள் வீட்டு இணைப்பின் ஐபி முகவரியைத் தட்டிப் பார்த்து, ‘இதோ பாருங்கள், தடைப்பட்டியலில் இருக்கிறீர்கள்’ என்று காட்டுவார்கள். ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் என்ற பட்டியலில் வீட்டு இணைப்புகளின் முகவரிகள் இருப்பது சாதாரணம். அது குற்றப்பட்டியல் அல்ல. இந்த முகவரிகளிலிருந்து யாரும் நேரடியாக வெளி சர்வர்களுக்கு அஞ்சல் அனுப்பக்கூடாது என்று குறிக்கும் பட்டியல், அவ்வளவுதான். உங்கள் அஞ்சல் நிரலில் 587 அல்லது 465 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்ணில்), பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பினால் அது உங்களைத் தொடாது.

இவ்வளவும் பணத்தோடு போயிருக்கும். என்னைக் கொதிக்க வைத்தது அடுத்தது. ‘உயர்தர சேவை’ என்ற பெயரில் என் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில், அதாவது அந்தப் பெயருக்குரிய சர்வர் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பொதுக் குறிப்பேட்டில், கைவைத்தார்கள். எந்தெந்த சர்வர்கள் என் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று உலகத்துக்கு அறிவிக்கும் வரிக்கு எஸ்பிஎஃப் என்று பெயர். அதன் கடைசிச் சொல்தான் உயிர். கழித்தல் குறியோடு ‘ஆல்’ (எல்லோரும்) என்று முடித்தால், பட்டியலில் இல்லாத எவரையும் ஏற்காதே என்று பொருள். கூட்டல் குறியோடு முடித்தால், யார் அனுப்பினாலும் ஏற்றுக்கொள் என்று பொருள். அவர்கள் எழுதி வைத்தது கூட்டல் குறி. வீட்டுக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்று சொன்னவருக்குக் கதவையே கழற்றிக் கொடுத்தது போன்ற வேலை இது.

இதைக் கண்டுபிடித்தது டிமார்க் அறிக்கைகள் வழியாக. நம் பெயரில் எங்கிருந்தெல்லாம் அஞ்சல் கிளம்பியது, சோதனையில் தேறியதா என்று பெறும் சர்வர்கள், பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, நமக்கு அனுப்பும் கணக்கு அது. டிஎன்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தால் வரத் தொடங்கும். வந்த அறிக்கைகளில் நான் கேள்விப்பட்டே இராத ஐபி முகவரிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் எதிரே எஸ்பிஎஃப் ‘தேர்ச்சி’. என் பெயரில் மோசடி அஞ்சல்கள் போயிருக்கின்றன, அவை சோதனையிலும் தேறியிருக்கின்றன! நான் திருத்திக் கொடுத்த எழுத்தாளர்களில் சிலருக்கும் போலி விலைப்பட்டியல் போயிருந்தது. அவர்களிடம் ஒவ்வொருவராக விளக்கம் சொல்ல வேண்டி வந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் டொமைனையும் இன்றே பார்த்துவிடுங்கள். எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, நிரந்தரப் பிழை என்று சோதனை முடிந்துவிடும். புதிய சேவை சேரும்போதெல்லாம் இன்னொரு வரியை ஒட்டிவிட்டுப் போகும் ‘நிபுணர்கள்’ நிறையப் பேர். ஒரு வரிக்குள் பிற டிஎன்எஸ் பதிவுகளைத் தேடச் சொல்லும் குறிப்புகளும் 10-ஐத் தாண்டக்கூடாது. அஞ்சலில் இடும் மின் கையொப்பமான டிகிம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். நாளுக்கு 5000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இவை இரண்டோடு டிமார்க்கும் வேண்டும்.

இவை எல்லாம் டிஎன்எஸ்ஸில் ஒட்டும் சில வரிகள். சரிசெய்ய வருபவருக்கு உங்கள் அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் எதற்கும் தேவையில்லை. என்னிடம் கேட்டார்கள், கொடுக்க மறுத்தேன்.

இப்போது அஞ்சலை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டேன். டொமைன் என் பெயரில் பதிவாகியிருந்ததால் மாற்ற முடிந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருப்பவர்கள் முதலில் அதைத் தங்கள் பெயருக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு, மறுப்புச் செய்திகளையும் டிமார்க் அறிக்கைகளையும் இணைத்துப் பழைய நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை. அதே கட்டணச் சேவையை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.