"மேற்படி கடன்" என்றால் எந்தக் கடன்? பரஸ்பர விவாகரத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

இருவர் பெயரிலும் வீடும் கடனும் வைத்துக்கொண்டு பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் போகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் படித்துப் பார்த்துத்தான் போட்டேன், புரிந்துவிட்டது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட், ஆளுக்குப் பாதி. வீட்டுக் கடன் ஒன்று, அப்புறம் கணவரின் தொழிலுக்காக அதே வங்கியில், வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதலாக வாங்கிய டாப்-அப் கடன் ஒன்று. பேசி முடித்தது: வீடு எனக்கு, இரண்டு கடனும் அவருக்கு, ஜீவனாம்சம் வேண்டாம். இருவருக்கும் ஒரே வக்கீல் (செலவு மிச்சமாம், எங்கள் புத்திசாலித்தனம்). அந்த வக்கீல் வேறு யாருக்கோ அடித்த ஒப்பந்தத்தில் பெயரை மாற்றி மூன்று பக்கம் கொடுத்தார். 4-வது பத்தியில் வீட்டுக் கடன், 5-வதில் டாப்-அப், 6-வதில் "மேற்படி கடனை முதல் மனுதாரரே (அதாவது கணவர்) செலுத்தி முடிப்பார்". கடன்களை அல்ல, கடனை. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, மேற்படி என்றால் கடைசியாகச் சொன்ன டாப்-அப் மட்டும்தான், வீட்டை எடுத்துக்கொண்டவர்தான் வீட்டுக் கடனைக் கட்ட வேண்டும் என்கிறார் முன்னாள் கணவர் இன்று.

மூன்று மாதம் தவணை நின்றது. வங்கிக்குப் போனால், உங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டீர்களோ அது எங்களைக் கட்டுப்படுத்தாது மேடம், இருவரும் கடன்தாரர்கள், யார் கட்டினாலும் சரி என்றார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் ஸ்கோர் தரையைத் தொட்டுவிட்டது.

சரி, வீட்டையாவது என் பெயருக்கு மாற்றலாம் என்று சார்பதிவாளர் அலுவலகம் போனேன். ஒப்பந்தத்தில் "தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார்" என்று இருக்கிறதே என்று நீட்டினேன். அது பதிவு செய்யாத தாள், அதனால் பங்கு மாறாது, முன்னாள் கணவர் வந்து, தன் பங்கை எனக்கு விடும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும் என்றார்கள். கணவன் மனைவியாக இருக்கும்போதே பதிந்திருந்தால் குடும்பத்தினருக்கான சலுகையில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாயோடு போயிருக்கும். இப்போது நாங்கள் சட்டப்படி அந்நியர்கள், 7 சதவீதமாம். அவர் பங்கின் மதிப்பு 28 லட்சம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது தெரிந்துதானே இருக்க வேண்டும் வக்கீலுக்கு? அப்போதே கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம், முதல்ல டிகிரி வாங்குவோம்" என்றார், விவாகரத்துத் தீர்ப்பைத்தான் அப்படிச் சொன்னார். மனுப் போட்டபின் இருக்கும் ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதைக் காட்டி மனுப் போட்டு அவசர அவசரமாக முடித்தார். வந்த தீர்ப்பில் திருமணம் ரத்து என்று மட்டும் இருக்கிறது. ஒப்பந்தத்தைத் தீர்ப்பின் பகுதியாகச் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை, வீட்டின் விவரமும் அதில் கிடையாது. ஆகவே தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நேரடியாக நிறைவேற்று மனு போட முடியாது, தனி வழக்குத்தான் என்கிறார் இப்போது நான் பார்க்கும் வக்கீல்.

கையெழுத்துப் போடாதவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்: கடன் கணக்கு எண், பாக்கித் தொகை, யார், எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். வங்கியின் சம்மதக் கடிதமும் விடுதலைப் பத்திரமும் இரண்டாவது மோஷனுக்கு (காத்திருப்புக்குப் பின் இருவரும் நீதிமன்றத்தில் மறுபடி சம்மதம் சொல்லும் கட்டம்) முன்பே கைக்கு வர வேண்டும். தனி வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வில்லங்கச் சான்று எடுத்தேன், இன்னும் இரண்டு பெயர்தான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட 5 லட்சம் கேட்கிறார் முன்னாள் கணவர்.