முதல் கிரெடிட் ஸ்கோர்: டெபாசிட் கார்டா, பெற்றோர் கார்டில் இணைவதா, சிறு கடனா?

கடன் வரலாறே இல்லாத ஓர் இளைஞருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் ஐந்து. வங்கியில் டெபாசிட் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குவது, அப்பா அம்மாவின் கார்டில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வது, கடன் வரலாற்றுக்காகவே தரப்படும் சிறு கடன், பொருளைத் தவணையில் வாங்குவது, பெரியவர் ஒருவரை ஜாமீன் போடச் சொல்லிக் கடன் வாங்குவது. எதை எடுத்தாலும் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவீர்களா என்று கடன் தருபவர்கள் பார்க்கும் எண்) வரும், வசதிப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. அது தெரிவது எல்லாம் நல்லபடியாகப் போகும்போது அல்ல. ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனாலோ வேலை போனாலோதான் தெரியும். அந்த மாதத்தில் எந்த வழி உங்களைக் குறைவாக அடிக்கும் என்று பார்த்தே நான் வரிசைப்படுத்துகிறேன்.

முதலில் ஸ்கோர் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். உங்கள் சம்பளமோ வங்கி இருப்போ இதில் நேரடியாகச் சேராது. வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கிகள் அனுப்பும் தகவல்தான் மூலப்பொருள். அதை அவர்கள் உங்கள் கடன் அறிக்கையாகத் தொகுக்கிறார்கள். அமெரிக்காவில் 1989 முதல் புழக்கத்தில் இருக்கும் ஃபிகோ ஸ்கோரை எடுத்துக்கொண்டால், தவணை தவறாமல் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு 30 சதவீதம், வரலாற்றின் வயதுக்கு 15 சதவீதம், புதிதாகக் கேட்ட கடன்களுக்கும் கடன் வகைகளின் கலவைக்கும் தலா 10 சதவீதம். ஒரு கணக்காவது ஆறு மாதப் பழையதாக இருந்தால்தான் ஃபிகோ ஸ்கோரே உருவாகும். இந்தியாவில் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. சிங்கப்பூரில் 1000 முதல் 2000 வரை. அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறினாலும், நேரத்துக்குக் கட்டினாரா, எட்டும் எல்லை வரை கடன் வாங்கியிருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் எங்கும் முதலிடம்.

இன்னொன்று. ஐந்து வழிகளுக்குள் போகும் முன், சம்பளம் வரும் வங்கியிலேயே சாதாரண கார்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் வரவு செலவு அவர்கள் கண்முன் இருக்கிறது. மாணவர்களுக்கென்றே கார்டு வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. இந்தியாவில், முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் இது தெளிவுபடுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் தனக்கென வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இணைக் கையெழுத்து வேண்டும். கேட்டும் கிடைக்கவில்லை என்றால்தான் கீழே உள்ள அலசல் தேவைப்படும்.

டெபாசிட் கார்டை நான் முதலில் வைக்கிறேன். ஒரு தொகையை வங்கியில் வைக்கிறீர்கள். அதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ கார்டு லிமிட் கிடைக்கிறது. நீங்கள் கட்டாமல் போனாலும் வங்கிக்கு நஷ்டமில்லை, அதனால்தான் வரலாறு இல்லாதவருக்கும் துணிந்து தருகிறார்கள். இந்தியாவில் இது பெரும்பாலும் ஃபிக்ஸட் டெபாசிட்டின் பேரில் நடக்கிறது; கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டெபாசிட்டுக்கு வட்டியும் சேரும். இதன் பெரிய நன்மையாக நான் பார்ப்பது ஸ்கோரை அல்ல. லிமிட் சின்னதாக இருப்பதால் நீங்கள் விழக்கூடிய பள்ளமும் சின்னது. மோசமான நிலை வந்தாலும் கையில் ஏற்கெனவே இருந்த தொகைதான் பெரும்பாலும் போகும். வேறு யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

குறையும் உண்டு. கையில் பணமே இல்லாதவருக்கு இந்தக் கதவு திறக்காது. ஒரு தொகை மாதக்கணக்கில் முடங்கிவிடும். சில கார்டுகளில் ஆண்டுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம் என்று டெபாசிட்டையே அரிப்பார்கள். அவற்றைத் தொடவே வேண்டாம். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கின் விவரத்தை எந்தெந்தக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள்? இந்தியாவில் அப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். எதற்குமே போகாத கார்டு என்றால், எத்தனை ஒழுங்காகக் கட்டினாலும் வரலாறு என்ற வகையில் பயன் பூஜ்யம். முன்கூட்டியே பணம் ஏற்றிச் செலவழிக்கும் ப்ரீபெய்டு கார்டும், டெபிட் கார்டும் இந்த வகைதான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவற்றில் கடனே இல்லை, ஆகவே பதிவும் இல்லை.

டெபாசிட் கார்டு வாங்கியவர்கள் பலரும் இடறுவது லிமிட் கணக்கில்தான். லிமிட் 10,000 என்று வைத்துக்கொள்வோம். 9,000 செலவழித்துவிட்டு, கடைசித் தேதிக்குள் முழுவதும் கட்டிவிடுகிறீர்கள். வட்டி இல்லை, தாமதம் இல்லை. ஆனாலும் ஸ்கோர் இறங்கலாம். காரணம், வங்கி வழக்கமாக அனுப்புவது பில் போட்ட அன்று இருந்த நிலுவையை. பதிவில் நீங்கள் 90 சதவீதம் பயன்படுத்தியவர் ஆகிவிடுகிறீர்கள். பில் தேதிக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. 30 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்வது பொதுவான வழிகாட்டுதல். அதற்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. ஆறுதலான விஷயம், பழைய ஸ்கோர் முறைகள் பெரும்பாலும் அந்த நேரத்து நிலுவையை மட்டும் பார்ப்பவை. அடுத்த பில்லில் நிலுவை குறைந்தால் ஸ்கோரும் தேறிவிடும். தாமதமாகக் கட்டியது அப்படியல்ல. அமெரிக்காவில் அது ஏழு ஆண்டுகள், பிரிட்டனில் ஆறு ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும்.

கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும் என்று இளைஞர்களிடம் யாரோ தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முழுப் பொய். முழுத் தொகையையும் கட்டுபவரின் வரலாறும் அதே அளவு வளரும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதப் பதிவு விழாது, ஆனால் மீதிக்குக் கார்டு வட்டி ஓடும், நிலுவையும் பெரிதாகவே தெரியும். கார்டு வந்த அன்றே, கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியும்படி வைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலை மற்ற எல்லா உத்திகளையும்விடப் பெரியது.

சரி, பெற்றோர் கார்டில் இணைவது? வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அமெரிக்காவில் அம்மாவின் பத்தாண்டுக் கார்டில் உங்கள் பெயரைச் சேர்த்தால், அந்த வங்கி அதைத் தெரிவிக்கும் பட்சத்தில், அந்தக் கணக்கின் வரலாறு உங்கள் அறிக்கையிலும் வந்துவிடும். டெபாசிட் தேவையில்லை. கார்டை நீங்கள் கையில்கூட வாங்க வேண்டாம். இவ்வளவு எளிதாக இருந்ததால் அங்கே அறிமுகமே இல்லாதவரின் கார்டில் காசு கொடுத்துப் பெயர் சேர்க்கும் வியாபாரம் கிளம்பியது. 2007-இல் ஃபிகோ ஸ்கோரைத் தரும் நிறுவனம், இப்படிப் பெயர் சேர்த்த இணைப்புக் கார்டுகளை இனிக் கணக்கிலேயே எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. உண்மையான குடும்பத்தினர் பாதிக்கப்படுவார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தபின், அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு, முறைகேட்டை மட்டும் வடிகட்டும் ஏற்பாட்டோடு திரும்பவும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் இது எல்லா நாட்டிலும் செல்லாது. பிரிட்டனில் கூடுதல் கார்டு வைத்திருப்பவரின் அறிக்கையில் எதுவும் ஏறுவதில்லை. செலவும் கட்டியதும் முதன்மைக் கார்டுதாரர் பெயரிலேயே பதிவாகும். வேறு நாடுகளில் இருப்பவர்கள், அமெரிக்கர் சொன்ன அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்து ஏமாற வேண்டாம். உங்கள் வங்கியிடம் நேரடியாகக் கேளுங்கள்.

செல்லுபடியாகும் இடத்திலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அப்பா ஒரு மாதம் கட்ட மறந்தால் உங்கள் பதிவு கெடும். நீங்கள் கண்டபடி செலவழித்தால் கட்டும் பொறுப்பு அவருடையது. பணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசும் குடும்பத்தில் இது அருமையான ஏற்பாடு. பில் எப்போது வருகிறது, எவ்வளவு பாக்கி என்று பிள்ளையிடம் சொல்லவே தயங்கும் வீட்டில் வேண்டாம். மேலும், பெரிய கடன் கேட்கும்போது மனிதர் யாராவது அறிக்கையைப் புரட்டினால், உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றுகூட இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். டெபாசிட் கார்டோடு சேர்த்து எடுத்தால் நல்ல துணை. தனியாக நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது வழியான, கடன் வரலாற்றுக்காகவே தரப்படும் சிறு கடனை நம் பக்கம் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கிரெடிட் யூனியன் எனப்படும் உறுப்பினர் கூட்டுறவுகளும் சிறு வங்கிகளும் தரும் இந்தக் கடனில் பணம் முதலில் உங்கள் கைக்கு வராது. ஒரு கணக்கில் பூட்டி வைப்பார்கள். மாதாமாதம் தவணை கட்டி முடித்ததும் மொத்தத் தொகையும் உங்களுக்கு. சீட்டுக் கட்டிக் கடைசியில் எடுப்பதைப் போன்றதுதான், ஒவ்வொரு தவணையும் கடன் அறிக்கையில் ஏறுகிறது என்பது மட்டும் கூடுதல். வட்டியும் கட்டணமும் கொஞ்சம் போகும். கையில் டெபாசிட் இல்லாதவருக்கு, அல்லது கார்டு கையில் இருந்தால் செலவழித்துவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவருக்கு, டெபாசிட் கார்டைவிட இதுவே மேல். அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு கடன் இல்லாமல் இதில் சேர்ந்தவர்களுக்கு ஸ்கோர் உருவாகும் வாய்ப்பு 24 சதவீதம் கூடியது. ஏற்கெனவே கடனில் இருந்தவர்களுக்கோ ஸ்கோர் சற்று இறங்கியது. இருக்கும் தவணைகளோடு இன்னொன்று சேர்ந்ததே காரணமாக இருக்கலாம். ஆக, சுத்தமாகக் கடன் இல்லாத நிலையில் மட்டும் எடுங்கள்.

தவணையில் பொருள் வாங்குவது, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' செயலிகள் ஆகியவற்றை முதல் படியாக நான் யாருக்கும் சொல்வதில்லை. எப்படியும் வாங்கவேண்டிய பொருள், வட்டியில்லாத் தவணை, பதிவும் நிச்சயம் என்றால் சரி, ஒன்று எடுக்கலாம். ஆனால் செயலிகளில் சிக்கல் ஒரு பக்கமாகவே இருக்கிறது. பல செயலிகள் ஒழுங்காகக் கட்டியதைத் தெரிவிப்பதில்லை. தவறி வசூலுக்குப் போனால் மட்டும் அது பதிவாகும். பதிவு செய்பவையோ சில நேரம் ஒவ்வொரு சிறு வாங்கலையும் தனிக் கடனாக ஏற்றிவிடும். அறிக்கையில் வரிசையாகச் சில்லறைக் கடன்கள் நிற்கும். இந்தக் கடன்களையும் கணக்கில் எடுக்கும் புதிய ஸ்கோர்களை ஃபிகோ 2025 ஜூனில்தான் அறிவித்தது. வங்கிகள் அவற்றுக்கு மாற நாளாகும். அதைவிட எனக்குக் கவலை தருவது, ஸ்கோருக்காக என்று சொல்லிக்கொண்டு தேவையில்லாத பொருளை வாங்க இது தரும் சாக்கு.

ஜாமீன் கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடன் இருவர் அறிக்கையிலும் ஏறும், நீங்கள் தவறினால் இருவரும் கெடுவீர்கள். வரலாறு உண்டாக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பெரியவரை இதில் இழுப்பது நியாயமில்லை. படிப்புக்கோ வண்டிக்கோ உண்மையிலேயே தேவைப்பட்டால் அது வேறு கதை. வீட்டு வாடகையைப் பதிவு செய்யும் சேவைகளும் சில நாடுகளில் உண்டு. இலவசமாகக் கிடைத்தால் சேருங்கள். பழைய ஸ்கோர் முறைகள் வாடகையைப் பார்ப்பதே இல்லை என்பதால் காசு கொடுத்துச் சேரும் அளவுக்கு மதிப்பில்லை. பிரிட்டனில் இருப்பவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டால் போதும், முகவரிச் சரிபார்ப்பு எளிதாகும். ஒரு காசும் செலவில்லை.

எந்த வழியில் போனாலும் ஒரே மாதத்தில் நான்கைந்து இடங்களில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் விசாரணைப் பதிவு ஒன்று விழும். அமெரிக்காவில் அது இரண்டு ஆண்டுகள் அறிக்கையில் தெரியும். வரலாறு தடிமனாக இருப்பவருக்கு இது கீறல், புதியவருக்குக் காயம். ஒன்றை எடுத்து ஆறு மாதம் ஓட்டுங்கள். அப்புறம் உங்கள் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அமெரிக்காவில் இப்போது வாரம் ஒருமுறை இலவசம். நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. உங்களுக்குத் தெரியாத கணக்கு இருந்தாலோ, கட்டியது கட்டாததாகக் காட்டினாலோ அப்போதே எழுத்துப்பூர்வமாகத் திருத்தம் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை கொஞ்சம் மாறும். ஒரு நாட்டில் சேர்த்த வரலாறு பொதுவாக அடுத்த நாட்டுக்கு வராது. அங்கே மறுபடியும் வெறும் தாள்தான். இங்கே டெபாசிட்டை முடக்குவதைவிட அந்தத் தொகையை வைத்திருந்து, போன நாட்டில் முதல் மாதத்திலேயே டெபாசிட் கார்டு எடுப்பது நல்லது. ஊரில் ஏற்கெனவே கார்டோ கடனோ இருந்தால், விமானம் ஏறும் முன் பில்லும் தவணையும் தானாகக் கழியும் ஏற்பாட்டை உறுதி செய்துவிட்டு, வங்கியில் உள்ள கைபேசி எண்ணையும் வெளிநாட்டில் செயல்படும் எண்ணாக மாற்றிவிடுங்கள்.