தனியாளாகத் திருப்பூரா, குடும்பத்தோடு திருப்பூரா?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் திருப்பூருக்குப் போவதா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதில்லை. கண்மாய் பெருகினால் தை அறுப்பு, பெருகாவிட்டால் கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம், அவ்வளவுதான் பிழைப்பு. ஆள் மட்டும் போய்ப் பணம் அனுப்புவதா, அடுப்பையும் தூக்கிக்கொண்டு போவதா என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. நான் நான்கு வருடம் தனியாக இருந்து பார்த்துவிட்டு, 2016-ல் குடும்பத்தைக் கூட்டி வந்தவன்.

தனியாள் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே. அறை வாடகையை ஐந்து பேர் பங்கு போடலாம். ஊரில் ஆடு, மிளகாய்க் கொல்லை, நூறு நாள் வேலை எதுவும் விட்டுப்போகாது.

என் கணக்கைக் கெடுத்தது இரட்டை அடுப்புதான். சனிக்கிழமை சம்பளத்தில் மெஸ் பாக்கி, அறை வாடகை, டீக்கடை போக மிஞ்சியதை அனுப்புவேன். அங்கே மளிகைக் கடன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு பஸ், காதுகுத்து என்றால் ஒரு பஸ். பனியன் கம்பெனியில் போகாத ஷிப்டுக்குக் காசு கிடையாது. ஒரு வருடம் நோட்டில் குறித்து வைத்தேன்: பதினொரு தடவை ஊர். டிக்கெட்டைவிட விட்டுப்போன ஷிப்டுதான் பெரிய செலவு.

இப்போது ஒரே அடுப்பு, இரண்டு சம்பளம். மனைவி பனியனில் நூல் பிசிறு வெட்டப் போய், ஒரு வருடத்தில் செக்கிங்குக்கு மாறினாள். லைன் வீட்டில் ஒரே அறை, குளிக்க வரிசை, வாடகையும் கடிக்கிறது. ஆனாலும் மாதம் ஏதோ மிஞ்சுகிறது. முன்பு ரேஷன் அரிசியை அம்மா சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார். 2020 அக்டோபரிலிருந்து ஊர் அட்டைக்கே இங்குள்ள கடையில் கைரேகை வைத்து வாங்கிக்கொள்கிறோம்.

அதே 2020 ஊரடங்கில் தனியாள்கள் பையைத் தூக்கிக்கொண்டு எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எங்களுக்கு வேலை இல்லாமலே வாடகை ஓடியது. அந்த நேரத்தில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

ஊருக்கு இது நஷ்டம்தான், மறுக்கவில்லை. என் சம்பளம் எங்கள் ஊர் மளிகைக்கடையில் புரண்டது போய், இப்போது வீட்டுக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே திருப்பூர் மாவட்டத்தில் 24.8 லட்சம் பேர், ராமநாதபுரத்தில் 13.5 லட்சம்தான். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பூட்டு சிவராத்திரிக்கு மட்டும் திறக்கிறது.

வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போக முடியாது என்றால் என் கணக்கு செல்லாது, தனியாளாகவே இருங்கள். படுக்கையில் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை; என் அம்மா திடமாக இருந்தார். வருவதானால் மே மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு வாருங்கள். ஊர் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற ஆளிடம் சாவியைக் கொடுங்கள். என் பங்காளி பூட்டிவிட்டு வந்தார். இரண்டே மழையில் கறையான் விட்டத்தை எட்டிவிட்டது.